காக்காயிலிருந்து தொடங்கலாம்

குழந்தைகளுக்கு இயற்கையைப் பற்றி என்ன படிக்கக் கொடுக்கலாம், என்ன செய்ய வைக்கலாம் என்று கேட்டு எழுதுங்கள் என்று போன இதழில் சொல்லியிருந்தேன். கடிதங்கள் குவிந்துவிட்டன. எல்லாவற்றுக்கும் பதில் எழுத இந்தப் பக்கங்கள் போதாது. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டு, சிலவற்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்காக: நான் அரசுப் பள்ளியில் அறிவியல் எடுத்தவள். ஓய்வு பெற்றபின் காரைக்குடியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் தெருப் பிள்ளைகளுக்காக ஒரு புத்தக அலமாரி வைத்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகளிடம் பார்த்ததை வைத்துத்தான் பேசுகிறேன்.

கேள்வி: என் மகனுக்கு நாலரை வயது. மூன்றாவது மாடியில் குடியிருக்கிறோம், தோட்டம் கிடையாது. பூமியைக் காப்பது பற்றி நிறையப் புத்தகங்கள் வாங்கிக் கொடுத்துவிட்டேன். இரண்டு பக்கம் தாண்டுவதற்குள் எழுந்து ஓடிவிடுகிறான். எந்தப் புத்தகம் வாங்கினால் உட்கார்ந்து கேட்பான்?
— ஓர் அம்மா, தாம்பரம்

பதில்: ஓடுகிறவன் மேல் தப்பில்லை அம்மா. நீங்கள் அனுப்பியிருந்த பட்டியலைப் பார்த்தேன். அட்டையில் பூமி அழுகிறது, உள்ளே ஒரு மரம் பேசுகிறது, கடைசிப் பக்கத்தில் "ஆகவே குழந்தைகளே" என்று ஓர் அறிவுரை. நாலரை வயதில் எனக்கும் ஓடத்தான் தோன்றியிருக்கும்.

கடையில் புத்தகத்தைக் கையில் எடுத்ததும் முதலில் கடைசிப் பக்கத்தைப் படியுங்கள். அங்கே குழந்தையை நிற்க வைத்துப் புத்தி சொல்கிறதா? அப்படியே அலமாரியில் வைத்துவிடுங்கள். அடுத்து படங்கள். சிலந்திக்கு எட்டுக் கால் இருக்கிறதா என்று எண்ணுங்கள். பனிக்கரடியும் பென்குயினும் ஒரே பனிப்பாறையில் கைகோத்து நின்றால் படம் வரைந்தவர் பூமியைப் பார்க்காமலேயே பூமியைப் பற்றி வரைந்திருக்கிறார் என்று அர்த்தம். ஒன்று வட துருவத்தில் இருப்பது, மற்றது தெற்கே. மூன்றாவது, அந்தப் புத்தகத்தில் வரும் ஏதாவது ஒரு உயிரையாவது உங்கள் மகன் நேரில் பார்க்க முடியுமா என்று யோசியுங்கள். மேப்பிள் இலை உதிர்வதையும் ராபின் பறவை பனியில் நடுங்குவதையும் அப்புறம் படித்துக்கொள்ளலாம். தாம்பரத்தில் இலை உதிர்வதே மாசி, பங்குனி வெயிலில்தானே!

தோட்டம் இல்லை என்கிறீர்கள். பால்கனி இருக்கும், குறைந்தபட்சம் ஒரு ஜன்னல் இருக்கும். காக்கா வரும். அதிலிருந்து தொடங்குங்கள். ஒரு பிடி சோறு வைத்துவிட்டு, வருகிற காக்காய்க்கு கழுத்து சாம்பல் நிறமா, முழுக்கக் கறுப்பா என்று அவனையே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். சாம்பல் கழுத்து இருந்தால் வீட்டுக் காகம். உடம்பு முழுக்கக் கறுப்பாக, அலகு தடிமனாக இருந்தால் அண்டங்காக்கா. இந்த ஒரு வித்தியாசம் பிடிபட்டுவிட்டால் பையன் உங்களை விடமாட்டான், வழியில் போகிற காக்காயையெல்லாம் நிறுத்திப் பெயர் சொல்வான். பங்குனி, சித்திரையில் அது குச்சி தூக்கிப் போவதைப் பார்ப்பான். நகரத்துக் காக்கா குச்சியோடு கம்பித் துண்டுகளையும் பொறுக்கிக்கொண்டு போய்க் கூட்டில் வைக்கும். அதே நாட்களில் குயில் கூவ ஆரம்பித்திருக்கும். கூவுகிறது கறுப்பாக இருக்கும் ஆண் குயில். பெண் குயில் பழுப்பு நிறத்தில் வெள்ளைப் புள்ளிகளோடு சத்தமில்லாமல் வந்து காக்காய்க் கூட்டில் முட்டையிட்டுப் போய்விடும். "ஐயோ, காக்காவுக்குத் தெரியாதா?" என்று அவன் கேட்பான் பாருங்கள், புத்தகத்தைக் கையில் கொடுக்க வேண்டிய நேரம் அதுதான்.

எங்கே கிடைக்கும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். நேஷனல் புக் டிரஸ்டின் நேரு பால புத்தகாலயா வரிசை மலிவு, நம் நாட்டு விலங்குகளும் பறவைகளும் அதில் இருக்கும். சென்னையில் இருக்கும் தூலிகா பதிப்பகத்தின் படப் புத்தகங்கள் தமிழிலும் வருகின்றன, படங்கள் நன்றாக இருக்கும். பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகளைக் காசில்லாமல் படிக்கலாம், அச்சும் எடுத்துக்கொள்ளலாம். திண்ணைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் அப்படி அச்செடுத்து நூலால் தைத்து வைத்திருக்கிறேன், கிழிந்தால் கவலையில்லை. கொஞ்சம் வளர்ந்தபின் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் 'துளிர்' மாத இதழுக்குச் சந்தா கட்டிவிடுங்கள்.

உங்களுக்கென்று ஒரு புத்தகமும் சொல்கிறேன். அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் காட்டுயிர்களைப் பற்றித் தமிழில் எழுதிய கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் தொகுத்திருக்கிறார், 'மழைக்காலமும் குயிலோசையும்' என்று பெயர். காக்கா, குயில் பற்றியெல்லாம் பெரியவர்கள் எழுதினால் எப்படி இருக்க வேண்டும் என்பது அதில் இருக்கிறது. அம்மா ஆசையாகப் படிப்பதைப் பார்க்கிற பிள்ளை தானாக மடியில் வந்து உட்காரும்.

கேள்வி: தொடக்கப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். ஒவ்வொரு வருடமும் ஜூன் 5 அன்று மாணவர்களை வைத்து மரக்கன்று நடுகிறோம். ஆகஸ்டுக்குள் முக்கால்வாசி கருகிவிடுகிறது. அடுத்த வருடம் அதே குழியில் மறுபடி நடுகிறோம். பிள்ளைகளே சிரிக்கிறார்கள். என்ன செய்யலாம்?
— ஆசிரியர், விருதுநகர் மாவட்டம்

பதில்: சிரிக்கிற பிள்ளைகள் விவரமானவர்கள் சார். உங்கள் ஊரில் ஆனி, ஆடியில் காற்றுத்தான் அடிக்கும், மழை எங்கே? 1972-இல் ஸ்டாக்ஹோமில் ஐ.நா. மாநாடு தொடங்கிய நாள் என்பதால் ஜூன் 5-ஐச் சுற்றுச்சூழல் தினமாக வைத்தார்கள். விருதுநகர் வானிலையைக் கேட்டுவிட்டு வைத்த தேதியில்லை. 1950-இல் கே. எம். முன்ஷி தொடங்கி வைத்த வனமகோத்சவம் என்ற மரம் நடும் விழா ஜூலை முதல் வாரத்தில் வருகிறது. தென்மேற்குப் பருவமழை பெய்யும் ஊர்களுக்கு அது சரியான நேரம். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் வடகிழக்குப் பருவத்தில் கிடைக்கிறது. கன்னியாகுமரி, நீலகிரிக்காரர்கள் ஜூனில் நடட்டும். நீங்கள் புரட்டாசிக் கடைசியில், நல்ல மழை ஒன்று மண்ணில் இறங்கியபின் நடுங்கள்.

அப்படியானால் ஜூன் 5 அன்று என்ன செய்வது? வேலை நிறைய இருக்கிறது. பள்ளி திறந்து சில வாரங்களில் வேப்பம்பழம் பழுத்து விழ ஆரம்பிக்கும். பிள்ளைகளைப் பொறுக்கச் சொல்லுங்கள். சதையைக் கழுவி, கொட்டையை நிழலில் உலர்த்தி, உடனே பையில் மண் நிரப்பி ஊன்றிவிட வேண்டும். வேப்பங்கொட்டையை வைத்திருக்க முடியாது, சில வாரங்களிலேயே முளைக்கும் திறன் குறைந்துபோகும். அடுத்த வருடத்துக்கு என்று டப்பாவில் போட்டு வைப்பவர்கள் உண்டு, ஒன்றும் முளைக்காது. இப்போது ஊன்றினால் ஐப்பசி மழைக்குள் நடுகிற அளவுக்குக் கன்று வந்துவிடும். முளைவிட்ட நாளிலிருந்து பார்த்துக்கொண்ட கன்று என்றால் அதற்கு யார் தண்ணீர் ஊற்றுவது என்று நீங்கள் முறை போட வேண்டியதில்லை. ஆவணி, புரட்டாசியில் பனம்பழம் விழும். பனங்கொட்டையைக் கண்மாய்க் கரையில் ஊன்றிவிட்டால் போதும், தண்ணீர்கூட ஊற்ற வேண்டாம்.

ஜூன் 5 அன்றைக்கே விழா மாதிரி ஏதாவது வேண்டும் என்று தலைமையாசிரியர் கேட்பார், தெரியும். பள்ளியில் ஏற்கெனவே நிற்கும் மரங்களைக் கணக்கெடுங்கள். ஒரு இன்ச் டேப் போதும். தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் அடிமரத்தின் சுற்றளவை அளந்து, மரத்தின் பெயரோடு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த வருடம் அதே நாளில் மறுபடி அளந்தால் எந்த மரம் எவ்வளவு பெருத்திருக்கிறது என்று பிள்ளைகளே சொல்வார்கள். கூடவே ஆளுக்கு ஒரு மரத்தை எடுத்துக்கொண்டு வாரம் ஒரு முறை பார்த்து, கொழுந்து உண்டா, மொட்டு உண்டா, பூவா, காயா என்று குறிக்கலாம். சீசன்வாட்ச் என்ற திட்டத்தில் 2010-லிருந்து நாடு முழுக்கப் பள்ளிப் பிள்ளைகள் இதைச் செய்கிறார்கள். உங்கள் பள்ளிப் பதிவையும் அதில் சேர்க்கலாம்.

விதையைக் களிமண்ணில் உருட்டி வீசுகிற விதைப்பந்து பற்றியும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். களிமண்ணைப் பிசைவதில் பிள்ளைகளுக்கு இருக்கும் சந்தோஷத்துக்காகச் செய்யலாம். ஆனால் பஸ் ஜன்னலிலிருந்து கண்ட இடத்தில் வீசச் சொல்லாதீர்கள். புல்வெளி புல்வெளியாகவே இருக்க வேண்டிய இடங்கள் இருக்கின்றன. தரையில் கூடு வைக்கும் வானம்பாடிக்கும் மான்களுக்கும் அந்தப் புல்தான் வீடு. மரம் இல்லாத இடமெல்லாம் காலி இடம் என்று பிள்ளைகள் மனதில் பதிந்துவிட்டால் அப்புறம் அழிப்பது கஷ்டம்.

கேள்வி: சிட்டுக்குருவிகள் அழிந்ததற்குச் செல்போன் கோபுரம்தான் காரணம் என்று என் பேத்தியின் புத்தகத்தில் போட்டிருக்கிறது. உண்மையா?
— ஒரு தாத்தா, தஞ்சாவூர்

பதில்: அதற்கு உறுதியான ஆதாரம் எதுவும் இல்லை ஐயா. வாட்ஸ்அப்பில் சுற்றிச் சுற்றி அச்சுப் புத்தகத்துக்கும் வந்துவிட்டது. 2020-இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, நாடு முழுவதுமாகப் பார்த்தால் சிட்டுக்குருவி எண்ணிக்கை ஓரளவு நிலையாகவே இருக்கிறது என்றும், பெருநகரங்களில்தான் குறைந்து வருகிறது என்றும் சொன்னது. ஓட்டுக் கூரையும் சுவர்ப் பொந்தும் போய்க் கண்ணாடியும் கான்கிரீட்டுமாக ஆனால் கூடு எங்கே வைக்கும்? குஞ்சுக்குப் புழு பூச்சி ஊட்ட வேண்டும், மருந்தடித்த செடியில் அதுவும் கிடைக்காது. பேத்தியோடு சேர்ந்து ஒரு மரப்பெட்டியில் மூன்றேகால் சென்டிமீட்டர் அளவுக்கு ஓட்டை போட்டு, நிழலான சுவரில், பூனைக்கு எட்டாத உயரத்தில் மாட்டுங்கள். அந்தப் புத்தகத்தைத் தூக்கிப் போடவும் வேண்டாம். தப்பான பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போடச் சொல்லுங்கள். புத்தகத்திலும் தப்பு வரும் என்று தெரிந்துகொள்வது நல்லதுதானே.

கேள்வி: என் ஒன்பது வயது மகள், "பூமி எரிந்துவிடுமா அப்பா?" என்று கேட்டு இரவில் தூங்காமல் அழுகிறாள். பள்ளியில் ஒரு வீடியோ காட்டினார்களாம். என்ன சொல்வது?
— ஒரு தந்தை, திருச்சி

பதில்: "ஒன்றும் ஆகாது, தூங்கு" என்று மட்டும் சொல்லாதீர்கள். ஒன்பது வயதுக்கு அது பொய் என்று தெரிந்துவிடும், அப்புறம் உங்களிடமும் கேட்க மாட்டாள். வெயில் கூடி வருவது உண்மை, அதைச் சரிசெய்யப் பெரியவர்கள் நிறைய பேர் வேலை செய்கிறார்கள், அது பெரியவர்கள் வேலை என்று சொல்லுங்கள். "பூமியைக் காப்பது உன் கையில்" என்று சின்னப் பிள்ளை தலையில் ஏற்றி வைக்கிற சுவரொட்டியும் புத்தகமும் எனக்குப் பிடிப்பதில்லை. அனல்மின் நிலையத்தை அவளா கட்டினாள்?

சரியாக நடந்த கதைகளையும் சொல்லுங்கள். ஓசோன் படலத்தில் ஓட்டை என்று நாம் படித்த காலத்தில் எவ்வளவு பயந்தோம்! 1987-இல் மாண்ட்ரியலில் உடன்படிக்கை போட்டு, குளிர்பதனப் பெட்டியிலும் தெளிப்பான்களிலும் இருந்த, படலத்தை அரித்த வாயுக்களை உலக நாடுகள் படிப்படியாக நிறுத்தின. படலம் மெதுவாகத் தேறி வருகிறது. அந்தக் கதையின் முடிவை யாரும் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை.

பக்கத்திலேயே இன்னொரு கதை இருக்கிறது. சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூர் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டி என்று ஓர் ஊர், வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டியது. கண்மாயில் கூடு வைத்திருக்கும் பறவைகள் மிரண்டுவிடும் என்று அந்த ஊரில் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. சட்டம் வந்து தடுத்ததில்லை, ஊராரே பல வருடங்களாக விட்டுவிட்டார்கள். உங்கள் மகள் வயதுப் பிள்ளைகளும் அந்த ஊரில் இருக்கிறார்கள், தீபாவளியன்று அவர்கள் கையிலும் வெடி கிடையாது. கார்த்திகை, மார்கழியில் கண்மாயில் தண்ணீர் இருக்கும்போது அவளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். திருச்சியிலிருந்து காலையில் கிளம்பினால் இரவுக்குள் வீடு திரும்பிவிடலாம். மரத்துக்கு மரம் நாரைகள் உட்கார்ந்திருக்கும். நத்தைகுத்தி நாரையின் அலகு நடுவில் மூடாமல் இடைவெளி விட்டிருப்பதை அவள் கண்ணால் பார்க்கட்டும். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு பைனாகுலர் போதும், யார் முதலில் பார்ப்பது என்று சண்டை வரும், வரட்டும்.

இதற்குப் பிறகும் தூக்கம் கெட்டால், சாப்பாடு குறைந்தால், குழந்தைகள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அந்த வீடியோவைப் பற்றி வகுப்பாசிரியரிடமும் சண்டையில்லாமல் பேசுங்கள்.

கேள்வி: கறிவேப்பிலைச் செடியில் இருந்த புழுக்களைப் பேரன் டப்பாவில் போட்டு வளர்க்கிறேன் என்கிறான். மருமகளுக்கு அருவருப்பு. செடியும் மொட்டையாகிறது. வளர்க்கலாமா?
— ஒரு பாட்டி, சேலம்

பதில்: வளர்க்கலாம், நிச்சயம் வளர்க்கலாம். மருமகளிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். செடி மறுபடி துளிர்க்கும், இந்த வயது பேரனுக்குத் திரும்பி வராது.

அது எலுமிச்சை அழகியாகவோ கறிவேப்பிலை அழகியாகவோ இருக்கும். இரண்டும் வண்ணத்துப்பூச்சிகள், இரண்டும் கறிவேப்பிலை, எலுமிச்சைக் குடும்பத்துச் செடிகளில் முட்டையிடும். எது என்று புழுவைப் பார்த்துச் சொல்வது சிரமம். வெளியே வந்தபின் தெரிந்துகொள்ளலாம் என்று விட்டுவிடுங்கள், அதுவே பந்தயம் கட்ட நல்ல விஷயம். கறுப்பில் மஞ்சள் புள்ளிகளாக இருந்து வால் இல்லாவிட்டால் எலுமிச்சை அழகி. பின் இறக்கையில் வெள்ளைப் பட்டையும் வாலும் இருந்தால் கறிவேப்பிலை அழகி ஆண்.

கொழுந்து இலையில் கடுகை விடச் சிறிதாக, வெளிர் மஞ்சளாக உருண்டையாக முட்டை இருக்கும். தனித்தனியாகத்தான் இடும். குட்டிப் புழு பார்ப்பதற்குப் பறவை எச்சம் மாதிரியே பழுப்பும் வெள்ளையுமாக இருக்கும். எச்சத்தை எந்தப் பறவை தின்னும்? அதுதான் அதன் பாதுகாப்பு. நான்கு முறை தோல் உரித்தபின் கடைசியில் பச்சைப் புழுவாகிவிடும். அப்போது குச்சியால் மெல்ல முதுகைத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாகக் கவட்டை போல ஒன்றை நீட்டும், ஒரு காட்டமான வாடை வரும். பேரன் ஒரு முறை செய்து பார்க்கட்டும், திரும்பத் திரும்ப வேண்டாம், புழு பாவம்.

வாயகன்ற கண்ணாடி பாட்டில் போதும், வாயில் பழைய வேட்டித் துணியை ரப்பர் போட்டுக் கட்டுங்கள். அடியில் ஒரு காகிதம் விரித்தால் தினமும் புழுக்கையைத் தட்டிவிட வசதி. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: இலை உங்கள் செடியிலிருந்தே வர வேண்டும். கடைக் கறிவேப்பிலையில் மருந்து அடித்திருந்தால் புழு ஒரே நாளில் செத்துவிடும். பிள்ளை அழுவதைத் தாங்க முடியாது. பாட்டிலை வெயிலில் வைக்காதீர்கள், உள்ளே ஒரு குச்சியைச் சாய்த்து வையுங்கள்.

ஒரு நாள் புழு சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அங்குமிங்கும் அலையும், தண்ணீராகக் கழியும். நோய் என்று பயப்பட வேண்டாம். கூட்டுப்புழுவாகப் போகிறது. குச்சியில் தன்னை ஒரு பட்டு நூலால் இடுப்பில் கட்டிக்கொள்ளும், தென்னை மரம் ஏறுபவர் இடுப்புக் கயிற்றில் சாய்ந்து நிற்பது போல. பிறகு பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாள். கூடு கறுத்து, இறக்கையின் நிறம் உள்ளே தெரிந்தால் மறுநாள் காலையில் பேரனைச் சீக்கிரம் எழுப்பிவிடுங்கள். வெளியே வந்த பூச்சியின் இறக்கை கசங்கி ஈரமாக இருக்கும். தொடக் கூடாது. தலைகீழாகத் தொங்கி உலர்த்திக்கொள்ள விட்டு, பிறகு செடியருகே துணியை அவிழ்த்துவிடுங்கள்.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். சில கூடுகளிலிருந்து வண்ணத்துப்பூச்சிக்குப் பதிலாகக் குளவிகள் வரும். சில குளவிகள் புழுவுக்குள்ளோ கூட்டுக்குள்ளோ முட்டையிட்டுவிடும், அதன் குஞ்சுகள் உள்ளேயிருந்தே தின்று வளரும். திண்ணையில் ஒரு முறை அப்படி நடந்து ஒரு சின்னப் பெண் என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் குளவியைப் பற்றிப் புத்தகம் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு வந்தாள்.

கேள்வி: நான் ஏழாம் வகுப்பு படிக்கிறேன். அறிவியல் கண்காட்சிக்குத் தலைப்பு 'பூமியைக் காப்போம்'. எல்லோரும் தெர்மாகோலில் பூமி செய்கிறார்கள். நான் வேறு என்ன செய்யலாம் அம்மா?
— மாணவி, புதுக்கோட்டை மாவட்டம்

பதில்: தெர்மாகோலில் பூமியைக் காப்பாற்றும் கண்காட்சிகள் எத்தனைக்கு நடுவராகப் போயிருக்கிறேன்! கேட்டாயே, அதற்கே உனக்கு ஒரு பரிசு கொடுக்கலாம்.

நீ ஒரு மழைமானி செய். பக்கம் நேராக, வரி விழாமல் இருக்கும் பிளாஸ்டிக் பாட்டிலாகப் பார்த்து எடு. மேல் பாகத்தைப் பெரியவர்கள் உதவியோடு வெட்டி, தலைகீழாக அதே பாட்டிலில் புனல் மாதிரி வை. பாட்டிலின் அடி மேடு பள்ளமாக இருக்கும், அதனால் கொஞ்சம் கூழாங்கல் போட்டு, அது மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தில் பூஜ்யம் என்று கோடு போடு. அங்கிருந்து மேலே ஒரு ஸ்கேலை ஒட்டிவிடு. மொட்டைமாடியில் மரமோ சுவரோ மறைக்காத இடத்தில், காற்றில் சாயாமல் செங்கல்களுக்கு நடுவே வை. தினமும் காலை எட்டரை மணிக்குப் பார்த்து எத்தனை மில்லிமீட்டர் என்று எழுதிவிட்டு, தண்ணீரைப் பூஜ்யக் கோட்டுக்குக் கொண்டுவந்துவிடு. வானிலைத் துறையும் அந்த நேரத்தில்தான் மழையளவு எடுக்கிறது, அதனால் மறுநாள் பேப்பரில் வருகிற அளவோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். உங்கள் தெருவில் பெய்தது பக்கத்து ஊரில் பெய்திருக்காது, வித்தியாசம் வந்தால் தப்பு என்று அடித்துவிடாதே.

கணக்கு சுலபம். 1 சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர். 1000 சதுர அடி மொட்டைமாடி என்பது ஏறக்குறைய 93 சதுர மீட்டர். 10 மில்லிமீட்டர் மழைக்கு அதில் 930 லிட்டர் விழுகிறது. 15 லிட்டர் குடம் என்றால் அறுபது குடத்துக்கு மேல்! தமிழ்நாட்டில் 2003-இலேயே எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். உங்கள் தெருவில் எத்தனை வீட்டுக் குழாய் இன்னும் தொட்டிக்குள் இறங்குகிறது, எத்தனை நேராகச் சாக்கடைக்குப் போகிறது என்று பார்த்து அதையும் ஒரு தாளில் வரைந்து வை.

கண்காட்சியன்று மழைமானியும் நோட்டும் மட்டும் மேசையில் இருந்தால் போதும். நடுவர் வந்ததும், "உங்கள் வீட்டு மொட்டைமாடி எத்தனை சதுர அடி சார்?" என்று கேள். அவர் சொல்கிற எண்ணை வைத்து அங்கேயே கணக்குப் போட்டு, போன வாரம் அவர் வீட்டிலிருந்து எத்தனை குடம் ஓடிப்போனது என்று சொல்லிவிடு.